அவரைப் பந்தலில் எலெக்ஷன் கம்பி

பிஞ்சு அவரையையும் முற்றிய அவரையையும் வசந்தாமணி ஒரே கூடையில் போடமாட்டார். “பிஞ்சுக்குத் தனி, முத்தலுக்குத் தனி. ஒண்ணாப் போட்டா நாளைக்கு ரெண்டும் சண்டை கட்டிக்கிட்டு எங்கிட்டத்தானுங்க வரோணும்” என்பார். நீதிபதியையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கும் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து மாவட்டம் ஒன்றில் எட்டு வருஷம் உயில், சொத்து வழக்குகளுக்கு நீதிபதியாக இருந்தவர். பதவி போனாலும் பழக்கம் போகவில்லை.

அந்த அவரை படர்ந்திருக்கும் பந்தலுக்கும் ஒரு வரலாறு உண்டு. தேர்தல் சமயத்தில் வீட்டு முன் புல்தரையில் வேட்பாளரின் பேர்ப்பலகையைத் தாங்கி நிற்குமே இரட்டைக்கால் கம்பி, அதையெல்லாம் சேர்த்துக் கட்டியது. கட்டியவர் கணவர் சேனாபதி. போன தேர்தலுக்கு முன்பே பேச்சை முடித்துவிட்டார். “அம்மிணி, இந்தவாட்டி தோத்தா கம்பி பூராவும் என்ற பந்தலுக்கு. அப்புறம் எலெக்ஷன் பேச்சே எடுக்கக் கூடாது.” வசந்தாமணி தோற்றார். கொடி ஏறிக் கம்பியை மூடியபோது, இனி சனிக்கிழமைகளில் ஓட்டுக் கேட்கக் கிளம்பாமல் மனைவி வீட்டில் இருப்பாள் என்று சேனாபதி மனசார நம்பினார்.

கோவையில் சட்டம் படித்துவிட்டு சேனாபதியைக் கைப்பிடித்து டாலஸ் பக்கம் வந்தவருக்கு முதலில் கிடைத்தது டேகேரில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கும் வேலை. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. “அங்கதானுங்க கோர்ட்டு பழகுனேன். பொம்மை ஒண்ணு, அழுகறது ரெண்டு பேரு.” நாற்பதை நெருங்கும்போது மறுபடி லா ஸ்கூல். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் மகள் வான்மதியின் கணக்குப் பாடம், மறு பக்கம் அம்மாவின் சட்டப் புத்தகம். நடுவில் சேனாபதி உப்புமா கிளறி வைத்தார்.

முதல் தேர்தலில் பேர் நீளமாக இருக்கிறது, ‘மணி’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் கட்சிக்காரர்கள். “வாக்ஸஹாச்சின்னு அவிய ஊர்ப்பேர நாஞ் சொல்லிப் பழகலீங்களா? அவியளும் பழகட்டும்” என்று பலகையில் முழுப் பேரையும் அச்சடித்துத் தோற்றார். அடுத்த முறை அதே பேரோடு ஜெயித்தார்.

ஓட்டுக் கேட்கும் விஷயத்தில் மட்டும் மனைவியை வைத்துக்கொண்டு சேனாபதி பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கி இறக்குவதற்குள், “வீடு ரொம்ப நல்லா இருக்குதுங்க. உயில் எழுதி வெச்சுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டார். புது வீட்டுக்காரர் கையிலிருந்த கேசரி கையிலேயே நின்றது. காரில் ஏறியதும் சேனாபதி பொறுக்கமாட்டாமல் கேட்டார். “நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்தியா பேசுவ? ஓட்டக் கேளு அம்மிணி.”

“ஓட்டு அடுத்தவாட்டி போடலாமுங்க. உயில அப்பிடி விட முடியுமா?”

அவர் கவலை அவருக்கு. உயில் எழுதாமல் இறந்துபோன ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த, பாடம் செய்த மான் தலைக்காக அவர் மகன்கள் அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஆறு மாதம் மாட்டிக்கொள்ளும்படி பேசிச் சமாதானம் செய்துவிட்டு வந்த வசந்தாமணி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மனசு அவ்வளவு நொந்திருந்தது. கடைசித் தேர்தலில் அந்த இரண்டு வீட்டு வாசலிலும் அவர் பேர்ப்பலகை நின்றது.

இப்போது இருக்கும் நீதிபதி மறுபடி நிற்கப்போவதில்லை என்று போன வாரம் செய்தி வந்தது. திங்கட்கிழமையோடு மனுத்தாக்கல் முடிகிறது. வசந்தாமணி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சேனாபதியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

இந்தச் சனிக்கிழமை அவரை பறிக்கப் போன வசந்தாமணியின் கை காய்க்குப் போகவில்லை. குனிந்து ஒரு கம்பியின் அடியைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தது.

“என்ன அம்மிணி பாக்கற?”

“ஒண்ணுமில்லீங்க. துருப் புடிச்சிருக்குதான்னு பாத்தேன்.”

சேனாபதி கராஜுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் கட்டிங் பிளையர் இருந்தது.

“வெடுக்குனு இழுக்காத, கொடி அறுந்துரும். மொதல்ல காயப் பூராவும் பறிச்சுக்கோ.”

சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, பந்தல் கட்டும்போது தான் போட்ட முதல் முடிச்சை அவரே நறுக்கினார்.