மந்தாரை விதையும் மரத்த சுண்டுவிரலும்

விதை ஊறப்போட வைத்த வெந்நீரில் சுண்டுவிரலை விட்டுச் சூடு பார்த்தேன். பதமாகத்தான் இருந்தது. மந்தாரை விதைகளைப் போட்டு மூடினேன். சற்று நேரத்தில் மனைவி கூவினாள்.

“என்னங்க, விரலு வெந்து கொப்புளமா கீது! வலிக்கல?”

வலிக்கவில்லை. அதனால்தான் உயிர் போயிற்று.

விதை தந்தவர் ஏழுமலை. மகாபலிபுரம் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர். செங்கற்பட்டில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் அந்தத் தை மாதம் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவர். பங்குனியில் வாசல் மந்தாரை அவர் கைபட்டு அப்படிப் பூத்தது. அவருக்கு இரண்டு விரல்கள் மடங்கியிருக்கும். விறகு வெட்டும்போது பட்டது என்பார். தொழுநோய் வந்து குணமானதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் எதற்கும் வேடிக்கை பேசுகிறவன் நான்; சிரிக்கவைக்கிறவனை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

நாற்பத்தாறு வயது மூளை ஒரு முடிவுக்கு வந்தது: நோய் விதையில் ஏறி வந்திருக்கிறது. நேற்று வாங்கிய விதை, இன்று மரத்த விரல்! ஊறிய விதைகளை அடுப்பில் கொட்டினேன். அடுப்பு அணைந்தது. பினாயிலில் கை கழுவினேன். அன்று பூராவும் சோறு பினாயிலாக மணத்தது.

மறுநாள் விரலில் கட்டோடு போய், தலைமை குமாஸ்தாவின் காதில் ஏழுமலையின் ரகசியத்தைப் போட்டேன். என் விரலைப் பற்றி மூச்சு விடவில்லை. மாலைக்குள் அவருக்கு வேலை போயிற்று. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“கைக்கு இன்னா சார் கட்டு? வலி கீதா?”

சுளுக்கு என்றேன்.

பத்து நாள் கழித்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் என் கண்ணை மூடச் சொன்னார். கோழி இறகால் தொடும் இடத்தை நான் காட்ட வேண்டும். முன்கையில் வெளுத்திருந்த படையைத் தொடுவார் என்று காத்திருந்தேன். தொட்டு முடித்திருந்தார்.

“இது எத்தனை வருஷமா இருக்கு?”

“தேமல்னு நெனச்சேன் டாக்டர். மூணு நாலு வருஷமா…”

ஏழுமலையை எனக்குத் தெரிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

“விதையில வருமா டாக்டர்?”

“விதையில செடிதான்யா வரும்.”

சல்ஃபோன் மாத்திரையை (கிருமியை அடக்கும் மருந்து) சில வருடங்கள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். என்னிடமிருந்து பிறருக்குத் தொற்றாதாம். விரலில் உணர்ச்சி திரும்புவது சந்தேகமாம்.

வெளியே வந்தால், மருத்துவமனைத் தோட்டத்தில் குடத்தோடு ஏழுமலை. வேலை போனதும் இங்கே சேர்ந்திருந்தார்.

“இன்னா சார், நம்ம வூட்டுக்கே வந்துகினியா?”

எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். அவர் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

“எங்கிட்ட அழுது இன்னா பண்றது? ஆபீஸ்ல போய்ச் சொல்லு.”

அலுவலகத்தில் அதைச் சொல்ல எனக்கு நாற்பது நாள் பிடித்தது.

“ஏழுமலைக்குக் குணமாயிட்டுது. நோய் எனக்குத்தான்,” என்றேன். அலுவலகமே சிரித்தது. தலைமை குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யோவ், உன்னோட பெரிய பேஜாருய்யா!”

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தாலே சிரிக்க, இருபது வருடமாக நான் பழக்கியது. மேஜையிலிருந்த குண்டூசியைச் சுண்டுவிரலில் ஏற்றிவிட்டு, அவர்களைப் பார்த்தபடி நின்றேன். சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக நின்றது.

எனக்கு நீண்ட விடுப்பு கிடைத்தது. ஏழுமலையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். “அந்த மூஞ்சிங்கள்ல முழிக்கறதுக்கு நா இங்கயே கெடக்கறேன்,” என்று மறுத்துவிட்டார்.

விதை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே கொடுத்தார். “சூடு பாக்க பொஞ்சாதிய வுடு,” என்றார். ஆறு முளைத்தன, நான்கு நிற்கின்றன. பூக்க இன்னும் இரண்டு மூன்று பங்குனி ஆகும். மாத்திரையும் அதே கணக்கில்தான் போகிறது. நாளை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, வலி சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். வெட்டு, சூடு, முள் எதுவானாலும் தினமும் பாருங்கள். மருந்து வாங்கப் போகும் நாட்களில் என் கையை ஏழுமலை புரட்டிப் பார்ப்பார். அவருடையதை நான் பார்ப்பேன். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இன்னும் முடிவதில்லை, கையையே பார்க்கிறேன். மற்ற விரல்களுக்கு அவர் பிடி தெரிகிறது. சுண்டுவிரலையும் அவர் பிடித்திருக்கிறார் என்பது, பார்த்தால்தான் தெரிகிறது.