அரசரத்தினம் சொல்லாத சொல்

“இதயம் எல்லாருக்கும் கடைசியிலை நிக்கத்தான் செய்யும். அது காரணமில்லை, தம்பி,” என்று சொல்லிவிட்டு, செத்தவீட்டுத் தேநீரை உறிஞ்சுகிறார் அரசரத்தினம். ஒஸ்லோவில் நம் சனத்தில் இளவயதில் யார் போனாலும் ‘ஹார்ட் அட்டாக்’தான். கேட்டுக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது.

அவருடைய வேலை அப்படி. நாட்டில் இறப்பவர்களின் மரணக் காரணத்தைப் படித்து, அதற்குரிய இலக்கத்தைப் போடும் அலுவலகத்தில் இருக்கிறார். ஹெரோயின் நஞ்சு என்றால் ரி நாற்பது தசம் ஒன்று (T40.1). ‘ஹெரோயின்’ என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. இலக்கம்தான் மரியாதையாம். போதையில் இறந்தவர்களை இன்னொரு அலுவலகமும் எண்ணுகிறது. இரண்டு கணக்கும் பொருந்துவதே இல்லை. ஆண்டுதோறும் இரு பக்கத்தாரும் கூடி, வாஃபிள் தின்று, “ஒப்பிட முடியாதவை” என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைவார்கள். 

“செத்தாப் பிறகு ஒருத்தரும் எங்கட கண்ணிலையிருந்து தப்பேலாது,” என்பார் பெருமையாக.

உயிரோடு இருப்பவர்கள் தப்பலாம். தங்கை உதயகுமாரியின் மகன் பிரசாந் கோடை வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தான். நாளுக்கு நாள் மெலிந்தான். மாமா பார்த்தார், கேட்கவில்லை. 

2006 ஆவணியில் பிரசாந்தின் தங்கைக்கு, ஒஸ்லோவின் புருசெத் பகுதி மண்டபமொன்றில் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு. மேடையில் பல்லக்கு. கழிப்பறையில் விழுந்து கிடந்த பிரசாந்தைத் தூக்கி வந்து, பின்கதவடியில், சோற்றுச் சட்டிகளுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். மூச்சு எப்போதாவது ஒன்று வந்தது. அம்புலன்ஸ்காரர் காற்றுப்பையை அழுத்த, கூட வந்த பெண் மருந்துப் பையைத் திறந்தபடி கேட்டாள்:

“என்ன எடுத்தார்?”

“ஒண்டும் எடுக்கேல்லை! விரதம். சீனி குறைஞ்சு போச்சு.” உதயகுமாரி மகனின் சட்டைக்கையைப் பொத்திப் பிடித்திருந்தாள். அவன் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. விரதத்தில் உதடு அப்படி ஆவதில்லை.

“ஐயோ, ஹார்ட்டோ அக்கா?” என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டு மரியரஞ்சனி. வீடியோக்காரனும் விளக்கோடு வந்துவிட்டான்.

“அண்ணை, சனம் நிக்குது. ஒண்டும் கதைச்சுப் போடாதையுங்கோ,” என்றாள் உதயகுமாரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்புலன்ஸ் பெண் அரசரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தாள். “சரியான மாற்று மருந்து போடவேண்டும். தெரிந்தால் சொல்லுங்கள்.”

“ரி நாற்பது தசம் ஒன்று,” என்றார் அவர், நல்ல நோர்வேஜிய மொழியில்.

“என்ன?”

மறுபடியும் சொன்னார். இம்முறை தசத்தை அழுத்திச் சொன்னார்.

“வீட்டு இலக்கம் வேண்டாம், ஐயா. என்ன எடுத்தார்?”

அடுத்த மூச்சு வரவில்லை. அரசரத்தினம் பட்டு வேட்டியோடு முழந்தாளிட்டார். தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். மருமகனின் சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றி, அதை முழங்கைக்கு மேல்வரை சுருட்டி, ஊசித் தழும்புகள் தெரியக் கையை வீடியோக்காரனின் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.