கோழிக்கு அரைத்த சோளன்

கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து துணுக்காயில் நிறைந்திருந்த காலத்தில் அங்கே மா அரைக்கிற மில் வைத்திருந்தேன். எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கயிற்றை இழுப்பேன். அவர் இரங்கினாலும் சில நாள் எஞ்சின் இரங்காது.

எந்த மில்லிலும் ஒருவருடைய மாவில் ஒரு சிறங்கை உள்ளே தங்கி அடுத்தவருடைய மாவோடு வெளியே வரும். சனம் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. மிளகாய்க்குப் பிறகு அரிசி போட்டால்தான் சண்டை.

ஒருநாள் குளக்கட்டடியில் கொட்டில் போட்டிருந்த ஒருவர் சோளன் கொண்டுவந்தார். கழுவியும் ரோஸ் நிறம் போகவில்லை. விதைக்கவென்று நிவாரணத்தில் கொடுத்த, பூச்சிமருந்து நஞ்சு பிரட்டிய சோளன். இது என்னத்துக்கு என்று கேட்டேன்.

"கோழிக்கு அண்ணை" என்றார்.

கோழிக்குத்தானே என்று அரைத்துக் கொடுத்தேன். அடுத்து ஒரு அக்கா அரிசி அரைத்துக்கொண்டு போனா. பிறகு கூட்டும்போதுதான் மெசினின் வாயில் ரோஸ் மா ஒட்டியிருந்ததைக் கண்டேன்.

எஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சைக்கிளில் ஓடினேன். அந்த அக்கா பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தா. மாவைத் திருப்பித் தரச் சொன்னேன். கூலியைத் திருப்பித் தருகிற மில்காரரையே தான் கண்டதில்லை, இவர் மாவைக் கேட்கிறார் என்று பக்கத்து வளவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா. விளக்கிச் சொல்லி, எங்கள் அரிசியைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

"மா வந்திட்டுதெல்லே, இனிப் பேசாமல் இருங்கோ. பி.எச்.ஐ. அறிஞ்சால் மில்லைப் பூட்டுவார்" என்றா மனைவி. உண்மைதான். எங்கள் அடுப்பு எரிந்ததும் அந்த மில்லால்தான். ஆனால் அந்த விதை ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுபட்டதல்ல. விபூதி எடுக்கப் போனேன், கை போகவில்லை. அந்தப் பி.எச்.ஐ.யிடமே, சுகாதாரப் பரிசோதகரிடமே போனேன்.

மில் ஒன்றைப் பற்றி முறைப்பாடு என்று சொன்னேன்.

"மில்காரனோடை ஏதும் கோபமோ?"

"நான்தான் ஐயா மில்காரன்."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்றவருடைய மில்லைப் பற்றிச் சொல்லத்தான் இதுவரை மில்காரர் வந்திருக்கிறார்களாம்.

சோளன்காரர் வீட்டுக்கு முதலில் போவோம் என்றார். போனோம். அங்கே கோழி இல்லை. இரண்டு பிள்ளைகள் கோப்பையோடு இருந்தார்கள். தாய் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தா, கல் இன்னும் சூடாகவில்லை. பரிசோதகர் மா முழுவதையும் கிடங்கு வெட்டிப் புதைப்பித்தார். அந்த மனிதர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பரிசோதகர் மற்ற மில்களுக்கும் ஆள் அனுப்பி, ரோஸ் நிறத் தானியம் அரைக்க வேண்டாம் என்று சொல்வித்தார். என்னுடைய மில்லைக் கழற்றிக் கழுவி, தான் வந்து பார்க்கும்வரை பூட்டிவைக்கச் சொன்னார். பூட்டினேன்.

பின்னேரம் மனைவி அரிசி அளந்து தந்தா. குளக்கட்டடிக்குக் கொண்டுபோனேன். அந்த மனிதர் பையைப் பிடித்துப் பார்த்தார்.

"மில் பூட்டோ?"

"ஓம்."

"அப்ப இதை எங்கை அரைக்கிறது?"

"சோறாக் காய்ச்சுங்கோ" என்றேன்.

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.