ஃபிளாய்டின் அடக்கத்துக்கு மழை

மார்வெல்லா ஸ்டக்கிக்கு வாழ்க்கை மேல் பெரிய குறை எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். அது சினிமா மாதிரி இல்லை.

சால்ட் பெண்ட் பள்ளிக்கூடக் கேண்டீனில் பிள்ளைகளின் தட்டில் மசித்த உருளைக்கிழங்கைப் போடுவது அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால், அங்கே எல்லாருக்கும் எல்லாம் சரியான நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். காதலைச் சொன்னால் வயலின் கேட்கும். கிறிஸ்துமஸ் வந்தால் பனி கொட்டும். நெவாடா பாலைவனத்து ஊரில் கிறிஸ்துமஸுக்குக் கொட்டுவது புழுதி.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடவுள் ஃபிளாய்டை அனுப்பிவைத்தார். என்ன அவசரமோ, அரைவேக்காடாக அனுப்பிவிட்டார்.

ஃபிளாய்டுக்கு லாரி டயர் கடை. கல்யாணத்துக்குக் கேட்கும்போது படத்தில் வருகிற மாதிரி செய்ய நினைத்து, மோதிரத்தைச் செர்ரிப் பழக் கேக்குக்குள் ஒளித்துவைத்தான். எந்தத் துண்டில் வைத்தோம் என்பது மறந்துபோயிற்று. அவனே கடித்தான். கடைவாய்ப் பல் போனது. வாயில் ரத்தத்தோடு மண்டிபோட்டு, "என்னக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். மார்வெல்லா சரி என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"போகாதேன்னு என்னை யாரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்து நிறுத்துனதே இல்ல" என்று ஒருநாள் முனகினாள். சும்மா சொன்னதுதான். அடுத்த தடவை ரெனோவில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பியபோது ஃபிளாய்டு கிரீஸ் கையோடு ஓடிவந்து பஸ் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"போகாத மார்வி. நீ இல்லாம என்னால முடியாது."

பஸ்ஸே கைதட்டியது. டிரைவரும் தட்டினார். எல்லாரும் படம் பார்த்து வளர்ந்த ஜனங்கள், எங்கே கைதட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்வெல்லா கண்கலங்கி இறங்கிவிட்டாள். அவள் பெட்டி மட்டும் ரெனோவுக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கை பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கும் அதற்குள்ளேதான் இருந்தது. தங்கை ரொம்ப நாள் பேசவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்குப் பனி வேண்டும் என்று, உடனடி மசியல் செய்கிற உருளைக்கிழங்குத் தூளை மூட்டை மூட்டையாகக் கூரையில் கொட்டினான். பார்க்க அசல் பனி. விடிந்ததும் ஊர்ப் புறாக்கள் மொத்தமும் அவர்கள் கூரையில்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடின.

ஜூலை மாதம், டயர் கடையில், வேலை செய்தபடியே ஃபிளாய்டு சாய்ந்துவிட்டான். மாரடைப்பு.

மார்வெல்லா அழவில்லை. பக்கத்து வீட்டார் சாவு வீட்டுச் சாப்பாடாகக் கொண்டுவந்து குவித்த டியூனா மீன் கேசரோலையெல்லாம் ஃபிரிட்ஜில் வரிசையாக அடுக்கினாள். பிறகு டெல்மர் ஃபவுட்ஸுக்கு ஆள் அனுப்பினாள். டெல்மர் ஃபிளாய்டின் கூட்டாளி, ஊர்த் தீயணைப்பு வண்டியின் டிரைவர்.

"வெள்ளிக்கிழமை அடக்கம். மழை வேணும்."

"நூத்திப்பத்து டிகிரி அடிக்கும்னு டிவில சொன்னான் மார்வெல்லா."

"எந்தப் படத்துலயாச்சும் வெயில்ல பொதைச்சுப் பாத்திருக்கியா? கருப்புக் குடை, மழை, அப்புறந்தான் பொண்டாட்டி அழுவா."

"மழை இல்லாமயும் அழலாமே."

"எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாங்க. எப்ப அழுவா, எப்ப அழுவான்னு. மழை பெஞ்சா எது தண்ணி எது கண்ணீருன்னு யாருக்குத் தெரியும்?"

டெல்மர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "வண்டித் தண்ணிய நெருப்புக்கு மட்டுந்தான் அடிக்கணும். சட்டம்."

"அப்ப ஒரு நெருப்ப வை." அவள் கேசரோல் பாத்திரத்தை மூடினாள். "ஃபிளாய்டா இருந்தா இத்தன கேள்வி கேக்கமாட்டான்."

டெல்மர் வண்டியைத் தயார்பண்ணக் கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. சால்ட் பெண்டில் யார் வீட்டிலும் கருப்புக் குடை இல்லை. ஒருவர் கோல்ஃப் குடை, ஒருவர் ஐஸ்கிரீம் படம் போட்ட கடற்கரைக் குடை, இன்னொருவர் பேத்தியின் வாத்துக் குடை என்று கிடைத்ததைத் தூக்கிவந்திருந்தார்கள். பாஸ்டர் ஹிங்கிளிடம் மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

மேட்டுக்குப் பின்னால் வண்டியை மறைத்துவைத்து, டெல்மர் குழாயை வானத்தைப் பார்த்துத் திறந்தான். முதலில் அழகான சாரல். குடைகள் விரிந்தன. ஜெபத்தின் நடுவே முகத்தில் துளி பட்டதும் பாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். மருந்துக்குக்கூட மேகம் இல்லை. அப்படியே முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பம்புக்கு உயிர் வந்தது.

குழாய் டெல்மரின் கையை உதறிவிட்டுப் பாம்பு மாதிரி மேட்டிலிருந்து ஆடிக்கொண்டே இறங்கியது. பின்னாலேயே டெல்மர் ஓடிவந்தான். குடைகள் புரண்டன. பாஸ்டரின் டோப்பா போய்ச் சிலுவையில் மாட்டியது, மலர்வளையம் அவர் கழுத்தில் விழுந்தது. மார்வெல்லாவின் கருப்புத் தொப்பி பக்கத்துக் கல்லறைக்குக் குடிபோனது. கண்மை தாடை வரைக்கும் வழிந்தது.

ஒருவழியாகத் தண்ணீர் நின்றது.

டெல்மர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். "மன்னிச்சிரு மார்வெல்லா. சாரல் போதும்னுதான் நெனச்சேன்."

அவள் பாஸ்டரைப் பார்த்தாள். டோப்பாவைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிக்கிறாள்.

"எதச் செஞ்சாலும் இப்படித்தான் இவன். பல்லு ஒடையும், பெட்டி ரெனோவுக்குப் போகும்."

"இது நான் செஞ்சது மார்வெல்லா."

"உனக்கு இவ்வளவு கேவலமாச் செய்ய வராது டெல்மர்." சவப்பெட்டியின் மேல் கையை வைத்தாள். "இது ஃபிளாய்டு வேல."

சிரித்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. அதற்குள் அந்த வெயில் எல்லார் முகத்தையும் காயவைத்திருந்தது. ஈரமாக இருந்தது அவள் முகம் மட்டும்தான். எது கண்ணீர் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவள் மறைக்கவும் இல்லை. டெல்மர் வாத்துக் குடையை வாங்கி அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

பின்வரிசையில் அந்தப் பழைய பஸ் டிரைவர் பழக்கதோஷத்தில் கைதட்ட ஆரம்பித்தார். அவர் மனைவி முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்தாள்.