இருபது எண்ணுவதற்குள்

சேணம் பூட்டும்போது பெஸ் குதிரை விட்ட உதையில் எனோஸின் தாடையும் கன்ன எலும்பும் உடைந்துபோயின. ஒஹாயோவின் பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை அறுவை சிகிச்சை. அதற்காக நர்ஸ் அவன் தாடியில் ஒரு பக்கத்தை மழித்துவிட்டாள்.

"பாதி கல்யாணம் ஆனவன், பாதி பிரம்மச்சாரி," என்றாள் மனைவி லவைனா. பழைய கட்டுப்பாடுகளோடு வாழும் அவர்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணமான ஆண்தான் தாடி வளர்ப்பான்.

"இதான் சாக்குன்னு வேற ஆளத் தேடிடாத," என்று வீங்கிய வாயோடு முனகினான் எனோஸ்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். "குறட்டை உண்டா? தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருமா?"

இல்லையென்று எனோஸ் தலையை ஆட்டினான்.

அது பொய் என்று லவைனாவுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அரைத்தூக்கம்தான். குறட்டை சட்டென்று அறுந்ததும் மனசுக்குள் எண்ணத் தொடங்குவாள். இருபது வந்ததும் தோளைப் பிடித்து உலுக்குவாள். அவன் மூச்சை வாரிக்கொண்டு எழுவான். இதற்கு ராத்திரி முழுக்க கரண்டில் ஓடும் மூச்சுக் கருவி வேண்டும் என்று முன்பே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். சபைக் கட்டுப்பாட்டால் கரண்டே நுழையாத வீடு அவர்களுடையது. "சபைப் பெரியவங்ககிட்ட போய் அதக் கேக்க என்னால ஆகாது. நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத," என்று எனோஸ் அடக்கிவிட்டான். கணவன் பேச்சைத் தட்டுவதில்லை என்று ஆண்டவர் முன்னால் வாக்குக் கொடுத்தவள் அவள்.

டாக்டரம்மா வெளியே போகக் கதவைத் தொட்டுவிட்டார்.

'ஆண்டவரே, மன்னியும்' என்று நினைத்துக்கொண்டே லவைனா எழுந்தாள். "நில்லுங்கம்மா. இவருக்கு மூச்சு நிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"நான் உலுக்குற வரைக்கும்."

"உலுக்கலன்னா?"

"தெரியாதும்மா. உலுக்காம விட்டதில்ல."

டாக்டரம்மா தாளில் எழுதியதை அடித்தார். "நல்லவேள சொன்னீங்க. மயக்கத்துல மூச்சு நின்னா, உடஞ்ச முகத்துல மாஸ்க் வச்சுக் காத்து குடுக்குறதே கஷ்டம். முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா மூச்சுக்குழாய் போட்டுடுறோம். வலி மருந்தும் குறைச்சுத்தான் தருவோம்."

எனோஸ் லவைனாவைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை அவனை உள்ளே கொண்டுபோய் மூன்று மணி நேரம். ஜெபத்தில் 'எங்கள் பிதாவே'க்கு மேல் அவளுக்கு ஒரு வார்த்தை ஓடவில்லை. தொப்பியின் நாடாவை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள். மத்தியானம் நர்ஸ் ஓடி வந்தாள். "சிகிச்சை முடிஞ்சுது, குழாயும் எடுத்தாச்சு. ஆனா மூச்சு விட்டு விட்டு வருது. உங்கள உள்ள வரச் சொல்றாங்க."

உள்ளே மூச்சைக் கண்காணிக்கும் கருவி கத்திக்கொண்டிருந்தது. "எனோஸ், நல்லா மூச்சு விடுங்க!" என்று டாக்டரம்மா ஆங்கிலத்தில் கூப்பிட்டும் அவன் நெஞ்சு ஏறவில்லை. லவைனா எண்ணக்கூட இல்லை. தோளைப் பிடித்து உலுக்கி, வீட்டுப் பாஷையில் அதட்டினாள்: "எனோஸ்! மூச்ச விடு!"

நெஞ்சு ஏறியது. ஐந்து நிமிஷத்தில் மறுபடி நின்றது, மறுபடி உலுக்கினாள். சாயங்காலம் வரை அவள் கை அந்தத் தோளைவிட்டு நகரவில்லை.

கண் திறந்ததும், கம்பி கட்டிய வாயோடு அவன் பென்சிலுக்குக் கை நீட்டினான். கோணல் மாணலாக எழுதினான்: 'பெரியவங்ககிட்ட நானே கேக்குறேன்.'

அவள் வாசித்து, தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். அதற்குள் அவன் கண் தூக்கத்தில் சொருகிவிட்டது.

மூச்சு நின்றதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். ஏழாவதில் மூச்சு தானாகவே வந்தது.