வாசலில் நுழையாத கட்டில்

கோர்ட் அவமதிப்பு என்று என் பெயருக்கு நோட்டீஸ் வந்தபோது, யாரையாவது திட்டிவிட்டேனோ என்றுதான் முதலில் யோசித்தேன். திட்டுவது இருக்கட்டும், பேசுவதற்கே கூச்சப்படுகிறவன் நான். பெங்களூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. காலையில் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வருடக்கணக்காகப் போய்வருகிறேன். நான் எப்படிக் கோர்ட்டை அவமதித்திருக்க முடியும்?

நோட்டீஸை பஜாரில் இருந்த வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"கட்டில் குடுத்தியாப்பா?"

"இல்லீங்க சார்."

"அதான் வந்துகீது."

அதற்கு முந்தைய வருடம் எனக்கும் என் மனைவிக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் பெண் வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிய பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லாமல் போனது. "செவுத்தோட எத்தினி வருஷங்க பேசறது?" என்று ஒருநாள் கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், அவள் அப்பா விட்டுப்போன வீட்டுக்குப் போய்விட்டாள். இருவரும் சம்மதித்துத்தான் பிரிந்தோம். பீரோ, தையல் மிஷின், பாத்திரங்கள், அவள் அப்பா கொடுத்த கட்டில், எல்லாவற்றையும் நல்ல நிலையில் திருப்பிக் கொடுப்பதாக நான் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மற்றதெல்லாம் டெம்போவில் போய்விட்டது. கட்டில் மட்டும் போகவில்லை. டெம்போக்காரர்கள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழட்டிக் குடு அண்ணா" என்றார்கள். "அது கழலாது" என்றேன். அவர்கள் அங்கே போய், நான் கொடுக்க மாட்டேன் என்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"உத்தரவை நிறைவேத்தலன்றது வேற, வேணும்னே மீறினேன்றது வேற" என்றார் வக்கீல். "வேணும்னே செஞ்சியான்னுதான் ஜட்ஜ் பாப்பாரு. ஆமான்னு பட்டா உள்ள போடலாம். ஃபைன் போடலாம்."

உள்ளே போனால் வேலை போய்விடும். கேஸில் மாட்டியவனை எந்தக் கம்பெனி கேட்டில் நிற்கவைக்கும்?

"ஒண்ணு பண்ணு. ரம்பம் போட்டு ரெண்டா அறுத்து அனுப்பிடு."

"நல்ல நிலையில குடுக்கணும்னு போட்டுகீதே சார்."

அவர் சிரித்தார். "கரெக்டு. அறுத்தா அதுக்கு ஒரு கேஸ் வரும். ஆமா, உள்ள வந்த கட்டில் ஏன் வெளிய போவாது?"

அப்போதுதான் சொன்னேன். அந்தக் கட்டில் உள்ளே வரவே இல்லை.

என் மாமனார் சுரங்கத்தில் மரவேலை பார்த்தவர். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் பாறை சரியாமல் இருக்க மரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கவைக்கிற வேலை. சுரங்கம் மூடப்போகிறது என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்த காலத்தில்தான் எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கம்பெனி ஏலம் விட்ட பழைய மரத்தை அவர் எடுத்துவைத்திருந்தார். மாட்டுவண்டியில் கட்டைகளாகவே அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஷிப்ட் முடிந்து தினமும் வந்து, படுக்கிற அறையிலேயே கட்டிலைச் செய்தார். ஆணி கிடையாது. ஷாஃப்டில் செய்வதுபோலவே கட்டைக்குக் கட்டை கடித்துக்கொள்கிற மாதிரி செதுக்கி, ஆப்பு அடித்து இறுக்கினார். நான் கட்டையைப் பிடித்துக்கொள்வேன். அவர் பாடிக்கொண்டே அடிப்பார். சர்ச்சில் பாடுகிற பாட்டுத்தான், ஆனால் சுத்தியல் விழுகிற இடத்தில் எல்லாம் வார்த்தை நின்று நின்று வரும். மரத்தூள் வாசனையும் அவர் சட்டையிலிருந்து வருகிற பீடி வாசனையும் அந்த அறையில் பல நாள் இருந்தன. கல்யாணத்துக்கு வந்தவர்கள் கட்டிலைத் தட்டிப்பார்த்து, "மாப்ள, மலையே சரிஞ்சாலும் இது நிக்கும்" என்று கேலி செய்தார்கள்.

வாசல் எவ்வளவு அகலம் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கட்டில் என்றைக்காவது வெளியே போகவேண்டி வரும் என்று யாருக்குத் தோன்றும்?

அவமதிப்பு கேஸ் என்பதால் பெங்களூர் ஹைகோர்ட். நான் வேலைக்குப் போகிற அதே ரயிலில்தான் போனேன். இஸ்திரி போட்ட சட்டை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அந்தச் சட்டையை எடுத்துவைப்பவள், இரண்டு பெட்டி தள்ளி அதே ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய வக்கீல் எழுந்து, நான் கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்கை வேண்டுமென்றே மீறினேன் என்று இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். என் வக்கீல் வாய் திறப்பதற்குள் ஜட்ஜ் என்னைப் பார்த்து, கட்டிலைக் கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று கன்னடத்தில் கேட்டுவிட்டார்.

"பாகிலல்லி ஹோகல்ல சார்" என்றேன். வாசலில் போகாது என்று அர்த்தம்.

எங்கேயோ ஒருவர் சிரித்தார். எதிர் வக்கீல் அப்படியே பிடித்துக்கொண்டார். "வாசல் வழியாக வந்த கட்டில்தானே அது?"

"வரல சார். உள்ளயே செஞ்சது. அவங்கப்பா செஞ்சாரு."

ஜட்ஜ் என் மனைவியைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நான் அந்த வூட்டுக்குப் போனதில்ல. அப்பா தினம் வூட்டுக்கு லேட்டா வருவாரு. ஓவர்டைம்னு சொன்னாரு."

என் வக்கீல் போனில் எடுத்துவைத்திருந்த படங்களைக் காட்டினார். கட்டில், வாசல், வாசலை அடைத்துக்கொண்டு டேப்போடு நிற்கிற நான். ஜட்ஜ் பார்த்துவிட்டு, இவர் வேண்டுமென்றே மீறியதாகத் தெரியவில்லை, ஆனால் கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது, அடுத்த வாய்தாவுக்குள் கட்டிலை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவந்தால் கேஸை முடித்துவிடலாம் என்றார். எப்படி ஒப்படைப்பது என்று அவரும் சொல்லவில்லை.

வழி சொன்னது எங்கள் லைனில் இருந்த ரிட்டையர் ஆனவர்கள். சுரங்கத்தில் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்கியவர்கள்.

"வாசலை ஏன் பாக்கறே? மேல பாரு."

கூரை தகர ஷீட். ஷீட்டையும் குறுக்கே இருந்த ஒரு சட்டத்தையும் கழற்றினார்கள். வெயில் நேராகக் கட்டிலின் மேல் விழுந்தது. இத்தனை வருடத்தில் அதை அந்த வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. கயிறு, கப்பி, மூன்று மூங்கில். ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு விசில் ஊதினார். "டேய், கேஜ் மாதிரி நேரா வரணும்டா! அங்க யாருடா ஆட்றது? கொழந்த தூளியா?" கட்டில் சுவருக்கு மேல் எழும்பி, கொஞ்சம் சுற்றி, தெருவில் இறங்கியது. லைன் முழுக்கக் கைதட்டியது.

டெம்போவில் ஸ்கெலட்டன் போனோம். என் வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வாசல்ல எறக்கு, கையெழுத்து வாங்கு, ஒரு வார்த்தை பேசாத வந்துடு. அது உனக்கு ஈசிதானே." அவள் வெளியே வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். தலைமாட்டில் அவள் அப்பா செதுக்கிய சிலுவையைத் தடவினாள். பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். என் மேலிருந்த கேஸ் அந்தக் கையெழுத்தோடு முடிந்த மாதிரிதான்.

பிறகு எல்லோரும் சேர்ந்து கட்டிலைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனோம்.

நுழையவில்லை.

அதே வாசல். அதே அகலம். ஊரிகத்து லைனும் ஸ்கெலட்டன் லைனும் ஒரே கம்பெனி கட்டியது. அதிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. விசில் ஊதிய பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். முதலில் சிரித்தது அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"அண்ணா, நம்ம டூட்டி முடிஞ்சிச்சி" என்றான் டெம்போக்காரன். "கையெழுத்து வாங்கிட்டேல்ல, வா போலாம்."

சட்டைப் பையில் பேப்பர் இருந்தது. கிழக்கே பேத்தமங்களா பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கட்டில் தெருவில் நின்றது.

"ஏணி இருக்குதா?" என்று அவளிடம் கேட்டேன்.

"பின்னாடி கீது" என்றாள்.

நானே முதலில் ஏறினேன். மழைக்கு முன்னால் ஷீட்டைக் கழற்றி, கட்டிலை ஏற்றி, உள்ளே இறக்கினோம். மற்றவர்கள் மேலே போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே நின்று கட்டிலை நேராகத் தள்ளிவைத்தேன். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பா இதை உள்ளயே செஞ்சாருன்னு ஏங்க ஒருநாளும் சொல்லல?"

டம்ளரைக் கட்டில் காலடியில் வைத்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். மாட்டுவண்டி வந்தது, அவர் பாடியது, கட்டையை நான் சரியாகப் பிடிக்காததால் அவர் கட்டைவிரலில் அடிபட்டது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"செஞ்சி முடிச்ச அன்னிக்கி, தாங்குதான்னு பாக்கறேன் மாப்ளன்னு படுத்தாரு. ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்தவரு. அப்பிடியே தூங்கிட்டாரு. எங்க வூட்ல எழுப்பறதுக்கே கூச்சப்பட்டுக்கினு வெளிய உக்காந்திருந்தோம்."

"புதுக் கட்டில்லயா? பூட்ஸோடயா?"

"பூட்ஸோட."

"ஐயோ அப்பா" என்று சொல்லி அவள் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "அப்பறம்? சொல்லுங்க."

கூரைமேல் முதல் தூறல் விழுந்தது. மேலே இருந்தவர்கள் இறங்கி வந்து வாசலில் ஒதுங்கினார்கள். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.