சார்ட் பிடிக்கச் சொன்னார்கள்

ஜாய்ஸ் பதினான்கு வயதுவரை மற்றவர்கள் முடித்துக்கொடுத்த வாக்கியங்களில்தான் வாழ்ந்தாள்.

போடி கடைவீதியில் அவள் அப்பா ஜேசுராஜுக்குப் பாத்திரக்கடை. ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் மலையிறங்கி வந்து குக்கருக்கும் அண்டாவுக்கும் பேரம் பேசும் சத்தத்தில் வளர்ந்தவள். அந்த வீட்டில் எல்லோருக்கும் வாய்தான் முதல். ஜாய்ஸுக்கு மட்டும் சொல் தொண்டையில் நின்றுகொள்ளும். "ப... ப..." என்று தொடங்கினால் போதும், "பரோட்டாவா?" என்று எதிரில் இருப்பவர் முடித்துவிடுவார். அவள் கேட்க வந்தது பணியாரம். இல்லை என்று மறுக்கப்போனால் அதுவும் திக்கும். பேசாமல் பரோட்டாவைத் தின்றுவிடுவாள். சிவப்புச் சுடிதார் கேட்டவளுக்கு சிமெண்ட் கலரில் எடுத்துக் கொடுத்தார்கள். கோகோ அணியில் சேரப் போனவளைக் கோலப் போட்டியில் சேர்த்துவிட்டார்கள். அதில் ஆறுதல் பரிசு வேறு!

வைத்தியம் பார்க்காமல் இல்லை. வசம்பைச் சுட்டு நாக்கு புண்ணாகும்வரை தேய்த்தார்கள். ஜெபக்கூட்டத்தில் எண்ணெய் தடவினார்கள். பக்கத்துக் கடை கஸ்தூரியம்மாள் தன் பங்குக்கு வெள்ளியில் நாக்கு செய்து கோயில் உண்டியலில் போட்டார். மூடத்தனம் என்று வந்துவிட்டால் கடைவீதியில் மதச்சண்டையே கிடையாது. கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி சொன்னார்: "நாக்குல ஒரு குறையும் இல்ல. அவ முடிக்கிற வரைக்கும் நீங்க பொறுத்திருக்கணும். அவ்வளவுதான்." வசம்பு தேய்க்க வீட்டில் ஆள் இருந்தது. பொறுத்திருக்கத்தான் ஒருவரும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் அவள் படித்த தனியார் பள்ளி, 'என் குரல்' என்று ஒரு நிகழ்ச்சியை அறிவித்தது. மாணவர்களே தலைப்பைத் தேர்ந்து, தாங்களே தயாரித்து, பெற்றோர் முன்னால் நின்று விளக்கவேண்டும். கூச்சம் போகும், தன்னம்பிக்கை வளரும் என்று தாளாளர் பாண்டியராஜன் நோட்டீஸ் அடித்தார். நல்ல யோசனை. நாணயமாகச் செய்திருந்தால்.

ஜாய்ஸ் எடுத்த தலைப்பு, திக்குவாய். தேடித் தேடிப் படித்தாள். பேச்சு மூளையில் எங்கே தொடங்கி வாய்க்கு எப்படி வருகிறது என்று பெரிய சார்ட்டில் படம் வரைந்தாள். வகுப்பில் பேசிக் காட்டியபோது அனுசுயா மிஸ் பாதியிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேட்டர் பிரமாதம் ஜாய்ஸ். ஆனா பேரண்ட்ஸ் முன்னாடி நீ கஷ்டப்படக் கூடாதுல்ல? அஜய்குமார் பேசட்டும். நீ பக்கத்துல நின்னு சார்ட் பிடி."

"மி... மி..."

"மிரளுறியா, மைக்கப் பாத்து? அதான் நானும் சொல்றேன்."

'மிஸ், நானே பேசுறேன்' என்பதுதான் அவள் சொல்ல வந்தது.

இதற்குப் பெயர் கருணையாம்! நீந்தத் தெரிந்தவனைக் கிணற்றில் இறக்கிவிட்டு, தெரியாதவளிடம் துண்டைக் கொடுத்துக் கரையில் நிறுத்துகிற நீச்சல் வகுப்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நன்றாகப் பேசுகிறவனுக்குக் குரல் வாங்கித் தர ஒரு விழா எதற்கு? விஷயம் வேறு. நிகழ்ச்சியை வீடியோ எடுத்து, அடுத்த வருட அட்மிஷனுக்கு விளம்பரமாகப் போடவேண்டும். அதில் ஒரு பெண் திக்கி நின்றால் பார்க்க நன்றாக இருக்காது.

வீட்டில் அப்பாவும் அதையே சொன்னார். "அவுக சொல்றதும் சரிதானத்தா. நாலு பேரு சிரிச்சா ஒனக்குத்தான கஷ்டம்?"

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. அஜய்குமாருக்குக் கணீரென்ற குரல். "திக்குவாய் உள்ளவர்களை நாம் பேச விடவேண்டும்!" என்று முழங்கினான். கைதட்டல். அவனருகில், கண்வரை மறைக்கும் சார்ட்டுக்குப் பின்னால், திக்குவாய் உள்ளவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். "அவர்கள் பேசும்போது குறுக்கே புகுந்து வாக்கியத்தை முடிக்கக் கூடாது!" மறுபடியும் கைதட்டல்.

அது அவள் எழுதிய வரி. ஜாய்ஸ் சார்ட்டை மேசைமேல் வைத்துவிட்டு மைக்குக்கு அருகில் போனாள்.

"இ... இத எ... எ..."

"எடுத்துட்டுப் போகணுமாம்," என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

"அது இல்ல."

அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் திக்காமல் வந்தது. "எ... எழுதுனது நான். நா... னே சொல்றேன்."

அஜய்குமார் ஒரு நொடி விழித்தான். பிறகு மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கினான். அந்த அரங்கத்தில் நாகரிகம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"வ... வச..."

"வசதியா?"

"வசனம்!"

"அது இல்ல. வசம்பு. வ... சம்பு தேச்சா நா... நாக்கு புண்ணாகும். வே... வேற ஒண்ணும் ஆகாது."

சிலர் சிரித்தார்கள். ஜேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அனுசுயா மிஸ் நேரம் முடிந்ததென்று மணியடித்தார். ஜாய்ஸ் நிறுத்தவில்லை. தாளாளர் வீடியோக்காரரைப் பார்த்துக் கையால் வெட்டிக் காட்டினார். கேமரா கீழே இறங்கியது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். சார்ட்டில் இருந்த கடைசிப் படம்வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் இறங்கினாள். சிறந்த பேச்சாளர் கோப்பை அஜய்குமாருக்குப் போனது. அவன் அதைத் திருட்டுப் பொருள்போல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான்.

நிகழ்ச்சி முடிந்ததும் தாளாளர் அறைக்கு அப்பாவையும் மகளையும் கூப்பிட்டார்கள்.

"புரோகிராமே கெட்டுப்போச்சு ஜேசுராஜ். பிள்ளை நல்லதுக்குத்தான் சார்ட் பிடிக்கச் சொன்னோம். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரு சாரி சொல்லிட்டுப் போகட்டும்."

ஜேசுராஜ் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்கங்க சார். எம்மக என்ன சொல்ல வர்றான்னா..."

ஜாய்ஸ் அவர் கையைப் பிடித்தாள். "அ... ப்பா. நான்."

அவர் அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு குக்கரை மூன்று பேரிடம் ஒரே மூச்சில் விலைபேசும் மனுஷன்!

"அ... அடு..." என்று தொடங்கினாள்.

"அடுத்த தடவை இப்படிச் செய்ய மாட்டேங்கிறா. சரிம்மா, போ," என்றார் தாளாளர்.

"அது இல்ல."

மேசைமேல் தாளாளரின் போன் அடித்தது. அவர் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றார் ஜேசுராஜ். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "அவ இன்னும் முடிக்கல."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார். வேறு வழியில்லாமல் காத்திருந்தார்.

"அ... அடுத்த வருஷமும் நா... நானேதான் பே... பேசுவேன்," என்றாள் ஜாய்ஸ். "எ... எனக்கு நேரம் கூ... கூட வேணும்."